என் மகளின் சொந்த ஊர் நோங் காய்

1

வேலை செய்யும் இடத்துக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றுதான் அர்த்தம். சீமெந்துத் தொழிற்சாலையில் நான் பார்க்கும் ஸ்டோரைப் பூட்டிவிட்டு, சீமெந்து ஏற்றிய லொறி ஒன்றில் தொற்றிக்கொண்டு துபாய்க்கு அப்பால் உள்ள ராஸ் அல் கைமா நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். தலையெல்லாம் வெள்ளைத் தூள். மகள் தர்ஷினி வகுப்பில் கல்லுப் போல உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலும் இல்லை, ஒன்றும் இல்லை.

மிஸ் கோவாக்காரி, நல்ல மனுசி. ஒரு கொப்பியைத் திறந்து என் முன்னால் வைத்தார். 'என் சொந்த ஊர்' என்று மூன்றாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் கட்டுரை எழுதக் கொடுத்திருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் கராச்சி, திருச்சூர், டாக்கா என்று எழுதியிருந்தார்கள். எட்டு வயதான என் மகள் எழுதியிருந்ததன் சாரம் இது:

"என் சொந்த ஊர் நோங் காய். அது தாய்லாந்தின் விளிம்பில் மேகோங் ஆற்றங்கரையில் இருக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் லாவோஸ் என்ற வேறு நாடு. எங்கள் ஊரில் ஒரு கோபுரம் ஆற்றுக்குள் விழுந்து படுத்திருக்கிறது. மழைக்காலத்தில் தெரியாது. வெயில் காலத்தில் எழும்பி வரும். ரயில் எங்கள் ஊரோடு முடிந்துவிடும். என் மாமா இப்போது அங்கேதான் இருக்கிறார். கோபுரத்தைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்."

"உங்கள் மனைவி தாய்லாந்துக்காரரா?" என்று மிஸ் மெதுவாகக் கேட்டார்.

"இல்லை. கோண்டாவில்."

"அது தாய்லாந்தில் எந்தப் பக்கம்?"

யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொன்னால் யாழ்ப்பாணம் எங்கே என்று கேட்பார். சிலோன் என்று சொல்லி முடித்தேன். கட்டுரை நன்றாக இருக்கிறதாம். ஆனால் பள்ளிக்கூடத்துப் பதிவில் இலங்கை என்று இருப்பதால், பெற்றோர் தினத்தன்று சுவரில் ஒட்டுவதற்கு முன் திருத்தி எழுத வேண்டுமாம். சரி என்று தலையாட்டினேன்.

ஊர்ப் பெயரைத் திருத்துவதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. கடைசி இரண்டு வரிகளைத்தான் எப்படித் திருத்துவது என்று தெரியவில்லை. அவள் மாமா என்று எழுதியிருந்த புன்மீ மாசி மாதமே செத்துப் போயிருந்தான். லீவில் ஊருக்குப் போயிருக்கிறார் என்று நானும் மனைவி புவனாவும் அவளுக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

2

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்குப் புன்மீயைச் சொல்ல வேண்டும். நோங் காயிலிருந்து வந்தவன், எங்கள் சீமெந்துத் தொழிற்சாலையில் சூளையின் உட்சுவருக்குச் செங்கல் பதிக்கிற மேசன். சூளையை நிறுத்தி ஆறவிடும் நாட்களில் உள்ளே இறங்குவார்கள். ஆறியது என்பது அதிகாரிகளின் கணக்கு. உள்ளே போனவர்கள் அவிந்துபோய்த்தான் வெளியே வருவார்கள்.

கம்பனி எனக்குக் கொடுத்த இரண்டு அறை வீட்டின் குளியலறைச் சுவர் இடிந்தபோது அதைக் கட்ட வந்தவன் அவன். வந்த முதல் நாளே புவனா கொடுத்த இடியப்பத்தைக் கையால் உருட்டிச் சாப்பிட்டுவிட்டு, கட்டை விரலை உயர்த்திக் காட்டினான். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் வீடுதான். பாதி ஹிந்தி, பாதி ஆங்கிலம், இல்லாததற்குக் கை. அந்தப் பாஷையில்தான் என் மகளுக்கு முழு நகரத்தையும் சொன்னான்.

ஒருநாள் மிஞ்சின சீமெந்தில் ஒரு சின்னக் கோபுரம் செய்து கொண்டுவந்தான். முற்றத்துக் குழாயடியில் இருந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் அதைச் சரித்து வைத்து, மூழ்கும் வரைக்கும் தண்ணீர் விட்டான்.

"ரெய்ன் டைம், மாஃபி," என்றான். மழைக்காலத்தில் ஒன்றும் தெரியாது என்று அர்த்தம்.

இந்த ஊர் வெயிலுக்குத் தொட்டித் தண்ணீர் வற்றக் கனநாள் எடுக்காது. கோபுரத்தின் நுனி மெல்ல வெளியே வரும்போது தர்ஷினி துள்ளுவாள். கரையில் நின்ற புத்த கோபுரமாம் அது. நூறு வருடத்துக்கும் மேலாகிறது, ஆறு கரையை அரித்து இழுத்து விழுத்திவிட்டது. வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சமாக நடு ஆற்றுப் பக்கம் நகர்கிறது என்று ஊரில் கதைப்பார்களாம். வெயில் காலத்தில் ஆட்கள் தோணியில் போய் அதன் தலையில் கொடி கட்டுவார்கள்.

"அதுவும் ஃபாரின் போகுது, பாய்," என்று என்னிடம் சிரித்தான். "நோ பாஸ்போர்ட். நோ கஃபீல்." கஃபீல் என்றால் இங்கே எங்களுக்கு விசா பிடித்துத் தரும் அரபு முதலாளி.

அந்த ஊருக்கே ஆற்றைத் தாண்டிய கதைதான். ராஜகுமாரிகள் மூன்று பேர் ஆளுக்கொரு புத்தர் சிலை வார்த்தார்களாம். போர்க்காலத்தில் வியந்தியான் பக்கத்திலிருந்து மூன்றையும் ஆற்று வழியாகக் கொண்டுவரும்போது புயலில் ஒன்று கவிழ்ந்து போயிற்று. இன்னொன்று நோங் காய்க் கோயிலில் இருக்கிறது. மூழ்கிப்போன சிலையின் பெயர் சுக். நம்முடைய சுகம்தான் அது. சுகம் ஆற்றோடு போய்விட்டது என்று அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தான்.

வடக்கேயிருந்து வந்த ஹோ கொள்ளையரோடு சண்டை பிடித்துச் செத்தவர்களுக்கு அங்கே ஒரு நினைவுத் தூண் உண்டு. படகுத்துறையும் அதையொட்டிச் சந்தையும் உண்டு. ஊருக்கு வெளியே, மறுகரையிலிருந்து தப்பி வந்த ஒரு சாமியார் சீமெந்தில் பெரிய பெரிய சிலைகள் கட்டிக்கொண்டிருக்கிறாராம். ஏழு தலை நாகம், புத்தர், பிள்ளையார், சிவன் எல்லாரும் ஒரே வளவுக்குள். புன்மீ இங்கே வருவதற்கு முன் அந்த நாகத்தின் கழுத்துக்குச் சீமெந்து குழைத்தவன். அந்த இடத்துப் படம் ஒன்று வைத்திருந்தான். அதில் சிவனுக்குத் தாய்லாந்து முகம்.

"இதென்ன, எங்கட சிவனே?" என்று புவனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

படகுத்துறையைப் பற்றி மட்டும் அவன் அதிகம் கதைப்பதில்லை. அவனுடைய அக்கா மறுகரையில் கல்யாணம் செய்து போனவள். முன்பெல்லாம் காலையில் தோணியில் போய் அவள் கையால் சாப்பிட்டுவிட்டுப் பின்னேரம் திரும்பி வருவானாம். எழுபத்தைந்தில் அந்தப் பக்கம் ஆட்சி மாறியது. ஆற்றை மூடினார்கள், திறந்தார்கள், திரும்பவும் மூடினார்கள். களவாக நீந்தியவர்களைச் சுட்டார்கள். துறையில் நின்று பார்த்தால் அக்கா வீட்டு அடுப்புப் புகை தெரியுமாம். புகை தெரிகிற தூரத்தில் இருக்கிறவளை அவன் பத்து வருடத்துக்கு மேலாகப் பார்க்கவில்லை.

3

திருத்தி எழுத வேண்டிய கட்டுரைக்கு நாங்கள் அன்று பின்னேரமே உட்கார்ந்தோம். நான் சொல்ல, அவள் எழுத வேண்டும்.

"யாழ்ப்பாணத்தில கடலோரமா ஒரு கோட்டை இருக்கு," என்றேன்.

"உள்ளுக்குப் போகலாமா, அப்பா?"

"இப்ப ஏலாது. ஆமி இருக்கு."

"ஓகே. நெக்ஸ்ட்?"

"பெரிய வாசிகசாலை. வெள்ளைக் கட்டடம். நான் அங்கதான் படிச்சனான்."

"என்ன புக்ஸ் இருக்கு?"

"எரிச்சுப் போட்டாங்கள்."

அவள் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் அவசரமாக ரயில் நிலையத்துக்குப் போனேன். கொழும்பில் மாலையில் ஏறினால் விடியற்காலையில் பனைகள் தெரியும் என்றேன்.

"நோங் காய் மாதிரியே! ரயில் இப்பவும் ஓடுதா?"

"சில நாள் ஓடும். சில நாள் ஓடாது."

தர்ஷினி பேனாவை மூடி வைத்தாள். "அப்பா, நோங் காய் பெட்டர்," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. இரண்டு கடையில் விலை விசாரித்தவள் மாதிரிச் சொன்னாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது, அவள் மேல் இல்லை. எண்பத்து மூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊர் போய், அங்கிருந்து ஏஜென்சிக்காரன் காலைப் பிடித்து இங்கே வந்தவன் நான். ஊரைப் பற்றி வாய் திறந்தால் முடிவில் ஒரு சாவு வந்து நிற்கும். அதனால் வீட்டில் ஊரைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டோம். செய்தியைக்கூட வானொலியைக் காதோடு வைத்துத்தான் கேட்போம். ஊர் இல்லாமல் வளர்ந்த பிள்ளைக்கு ஒருவன் வெள்ளிக்கிழமைகளில் ஊர் கொண்டுவந்து கொடுத்தான். அவள் எடுத்துக்கொண்டாள். அதில் என்ன பிழை?

"புன்மீ மாமா வந்தாப் பிறகு எங்களை அங்க கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ," என்றாள்.

குசினி வாசலில் நின்ற புவனா என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். பிறகு தனியாக என்னிடம், "நீங்கள்தான் சொல்லவேணும். எனக்கு வாய் வராது," என்றாள்.

4

அவன் எப்படிச் செத்தான் என்பது எனக்கே விளங்கவில்லை என்பதுதான் கஷ்டம்.

கார்த்திகை மாதம் தொழிலாளர் கேம்ப்பில் ஒரு தாய்லாந்துக்காரன் நித்திரையில் செத்துப்போனான். தைமாதம் இன்னொருவன். இரண்டு பேரும் வாட்டசாட்டமான பொடியன்கள். சாப்பிட்டார்கள், சிரித்தார்கள், படுத்தார்கள், எழும்பவில்லை. இதயம் நின்றுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். செத்தால் யாருக்குத்தான் இதயம் நிற்காது?

தாய்லாந்துக்காரர்களிடம் வேறு காரணம் இருந்தது. அவர்கள் பக்கத்தில் விதவைப் பேய் என்று ஒன்று உண்டாம். புருஷன் தேடி அலையும். நித்திரையில் இருக்கும் ஆம்பிளையின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து மூச்சை எடுத்துக்கொண்டு போகும். அதை ஏமாற்ற ஒரே வழி, படுத்திருப்பது பொம்பிளை என்று அதை நம்ப வைப்பது. அதற்கு நகத்துக்குச் சிவப்புப் பூச வேண்டும்.

இரண்டாவது சாவுக்குப் பிறகு ஒரே கிழமையில் கேம்ப் முழுக்கச் சிவப்பு நகம். கிரேன் ஓட்டுகிறவன், வெல்டிங் செய்கிறவன், மீசைக்காரன் எல்லாருக்கும். மற்றவர்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். கேம்ப் மனேஜருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. இது ஒழுக்கக்கேடு, வெளியில் தெரிந்தால் கம்பனிக்கு மானக்கேடு என்று வாசலில் நோட்டீஸ் ஒட்டினார். நகப்பூச்சோடு வருகிறவனுக்கு டியூட்டி இல்லை. அன்று பின்னேரம் ஸ்டோரில் பெயின்ற் கரைக்கிற தின்னருக்கு வந்த வரிசையைப் பார்த்திருக்க வேண்டும். வளர்ந்த ஆம்பிளைகள் பயந்த முகத்தோடு ஒருவன் பின் ஒருவனாக நின்று நகத்தைத் துடைத்தார்கள்.

புன்மீ துடைக்கவில்லை. சூளை வேலைக்காரன் எப்போதும் கையுறைக்குள்தான். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வந்தபோது நான் சந்தைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது குழாயடியில், தொட்டிப் பக்கத்தில், அவன் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தர்ஷினி பேய்க் கதையைக் கேட்டபடி நாக்கைத் துருத்திக்கொண்டு அவனுக்குப் புதிதாகப் பூசிக்கொண்டிருந்தாள். புவனா கல்யாண வீடு ஒன்றுக்காக வாங்கி வைத்திருந்த போத்தில்.

"பாய், ஏப்ரல் லீவு ஓகே," என்று என்னைக் கண்டதும் கத்தினான். கஃபீல் சம்மதித்துவிட்டாராம். தாய்லாந்துக்காரர்களுக்கும் சித்திரையில், நாங்கள் மருத்துநீர் வைக்கிற அதே நாட்களில்தான் வருடம் பிறக்கிறது. ஆறு வற்றியிருக்கும், கோபுரம் எழும்பியிருக்கும், படம் எடுத்து வருவேன் என்று என் மகளுக்கு வாக்குக் கொடுத்தான்.

அந்தக் கிழமைக்குள் அவனும் எழும்பவில்லை.

5

உடம்பைப் பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்ப மாதக்கணக்காகும் என்றார்கள். "நீங்களும் எரிக்கிற ஆட்கள்தானே. சேம் சேம்," என்று சொல்லி மனேஜர் பொறுப்பை என் தலையில் கட்டினார். நானும் மறுக்கவில்லை. அவனை யாரோ முன்பின் தெரியாதவன் கொண்டுபோவதைவிட இது மேல்.

விசாவை ரத்துச் செய்தால்தான் மற்றக் காகிதம் நகரும். கவுண்டரில் இருந்தவர் தலை நிமிராமல், "ஆளை நேரில் கூட்டிக்கொண்டு வா," என்றார்.

"அவரால் வர முடியாது," என்று மரணச் சான்றிதழை முன்னால் தள்ளினேன். அவர் அதை வாசித்துவிட்டுக் கதிரையை விட்டு எழும்பி நின்றார். ஏதோ முணுமுணுத்தார். பிறகு ரத்து முத்திரையை மெதுவாகக் குத்தினார். இந்த நாட்டில் எனக்காக ஒரு அதிகாரி எழும்பி நின்றது அந்த ஒரு தடவைதான். அதுவும் எனக்காக இல்லை.

ஆஸ்பத்திரியில் உடம்பை அடையாளம் காட்டச் சொன்னார்கள். முகத்தைப் பார்க்க முடியாமல் கையைப் பார்த்தேன். விரல் எல்லாம் சிவப்பு. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் வெறுமையாக இருந்தது. கையுறைக்குள் உரசி உதிர்ந்திருக்கும் என்று நினைத்தேன்.

துபாயில் இந்துக்களுக்கென்று விட்டிருக்கும் சுடலையில் நானும், அவனுடைய ஊர்ப் பக்கத்துக்காரனான தொங் என்ற கொத்தனும் நின்றோம். எனக்குத் தெரிந்த தேவாரம் ஒன்றைப் பாடினேன். தொங் கைகூப்பிப் பாளியில் சொன்னான். கொழும்பில் இருந்த காலத்தில் போயா என்ற பௌர்ணமி நாட்களில் விகாரை ஒலிபெருக்கியில் கேட்ட வரிகள். எண்பத்து மூன்றுக்குப் பிறகு அந்த ஓசை காதில் விழுந்தாலே அந்த இடத்தை விட்டு எழும்பிப் போய்விடுவேன். அன்றைக்கு நின்று கேட்டேன். அழுகைதான் வந்தது. புன்மீ என்றால் புண்ணியம் உள்ளவன் என்று அர்த்தம் என்று தொங் அப்போதுதான் சொன்னான்.

சாம்பலைத் தொங் தன் சித்திரை லீவில் கொண்டுபோனான். திரும்பி வந்ததும் என்னைத் தேடி ஸ்டோருக்கு வந்தான். தோணியில் கோபுரம் வரைக்கும்தான் போக விட்டார்களாம். அதன் அடியில் கரைத்தானாம். அதற்கு மேல் போனால் மறுகரைக் காவலர்கள் சுடுவார்கள். அக்காவுக்குச் சொல்ல வழியில்லை. அவள் வீட்டுப் பக்கம் புகை தெரிந்தது என்றான். அவள் சமைத்துக்கொண்டிருந்திருப்பாள்.

ஒரு படமும் தந்தான். சரிந்த செங்கல் குவியல் ஒன்று, உச்சியில் கொடிகள், சுற்றிலும் மண் நிறத் தண்ணீர். அதை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியவன், பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி வரும் வரைக்கும் திறக்கவில்லை.

6

கட்டுரை எழுதாமல் நின்றுபோன மறுநாள் பின்னேரம் அந்தப் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். தர்ஷினி தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். படத்தைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்ததை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"புன்மீ மாமா வந்திட்டாரா?"

"இல்லைப் பிள்ளை. அவர் வரமாட்டார். அவர் செத்துப்போட்டார்." வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "லீவுக்கு முன்னமே. நித்திரையில."

அவள் அழவில்லை. படத்தைப் பார்த்தாள், தொட்டியைப் பார்த்தாள், பிறகு தன் விரல்களைப் பார்த்தாள்.

"போத்தில் முடிஞ்சு போச்சு, அப்பா," என்றாள்.

எனக்கு முதலில் பிடிபடவில்லை.

"ஒரு விரல் மிச்சம். சின்ன விரல். நெக்ஸ்ட் ஃப்ரைடே பூசுறன் எண்டு சொன்னனான். அவர் ஓகே ஓகே எண்டவர்." தன் சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள். "அது கண்டுபிடிச்சிட்டுது, என்ன? அந்த விரலைப் பார்த்து."

உரசி உதிரவில்லை. குழாயடி ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"அதால இல்லை, அம்மா. பேய் எண்டு ஒண்டும் இல்லை."

"தென் வை? பிறகு ஏன்?"

அதற்கு மறுமொழி டொக்டரிடமும் இருக்கவில்லை. கம்பனியிடமும் இருக்கவில்லை. காரணம் வைத்திருந்தவர்கள் நகத்துக்குப் பூசினவர்கள் மட்டும்தான். பேய் இல்லை என்று நான் நூறு தரம் சொல்லலாம். அந்த வெறும் விரலை நானே கண்ணால் பார்த்தவன் என்பது என் முகத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். அவள் அதை வாசித்துவிட்டாள். புவனா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

திருத்திய கட்டுரையைப் பள்ளிக்கூடத்தில் ஒட்டினார்கள். "என் சொந்த ஊர் யாழ்ப்பாணம். அங்கே ஒரு கோட்டை இருக்கிறது. உள்ளே போக முடியாது." அவ்வளவுதான் எழுதியிருந்தாள். மிஸ் சரி அடையாளம் போட்டிருந்தார்.

7

இதை எழுதக் காரணம் போன வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டேன். விரல் நுனிகளில் குளிர் பட்டு முழித்தால், தர்ஷினி கட்டிலோரம் முழங்காலில் நின்று என் கைக்கு வாயால் ஊதிக்கொண்டிருந்தாள். பத்து விரலும் சிவப்பு. தோலிலும் வழிந்திருந்தது. இரண்டு கைச் சுண்டுவிரலிலும் மட்டும் மற்றதைவிடத் தடிப்பாக, இரண்டு மூன்று தரம் பூசியிருந்தாள்.

"அசையாதேங்கோ. இன்னும் காயேல்லை," என்றாள். பக்கத்தில் புதுப் போத்தில், இன்னொன்று திறக்காமல். தாயை அரித்தெடுத்து இரண்டு வாங்கியிருக்கிறாள்.

மறுநாள் அப்படியே டியூட்டிக்குப் போனேன். கையுறை போடவில்லை. மனேஜர் என் கையைப் பார்த்து, வாசல் நோட்டீஸைச் சுட்டிக்காட்டி, துடைத்துவிட்டு வா என்றார். ஸ்டோரில் தின்னர் பீப்பாய்க்குப் பக்கத்தில்தான் என் கதிரை. துடைக்க முடியாது, வீட்டில் பிள்ளை பார்ப்பாள் என்றேன். இரண்டு நாள் பார்ப்பேன், பிறகு உன் விசாவைப் பற்றி யோசி என்றார். தொங் தூரத்தில் நின்று என் கையைப் பார்த்துத் தலை குனிந்தான்.

அந்த இரண்டு நாளும் முடிந்துவிட்டன. நாளைக்கு என்ன ஆகும் என்று தெரியாது. விசா போனால் எந்த ஊருக்குப் போவது என்றும் தெரியாது. வேலையால் வரும்போது தர்ஷினி வாசலில் நிற்கிறாள். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்க்கிறாள். சீமெந்துத் தூளில் உரிந்துபோன இடத்தை விரலால் தடவிவிட்டு, போத்திலை எடுக்க உள்ளே ஓடுகிறாள்.